கட்டையைப் பாராதே, காலைப் பார்

வாசகர் கேள்விகள், மாஸ்ரர் பதில்கள்

போன இதழில் ஆர்மோனியத்துக்குத் துருத்தி மாற்றுவது பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். வந்தது இரண்டு கடிதம். அதற்கு முந்திய இதழில், திரையிசைப் போட்டிகளுக்கு நம் பிள்ளைகளும் அனுப்பிப் பார்க்கலாமே என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம். சரி, இந்தத் தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: எனக்கு 23 வயது. கீபோட் வாசிப்பேன். சொந்தமாக நாலு பாட்டுப் போட்டு யூரியூப்பில் விட்டிருக்கிறேன். வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் 3 நிமிடக் குறும்படத்தை இசை இல்லாமல் தருகிறார்கள், நாங்கள் இசை சேர்த்து அனுப்ப வேண்டும். எனக்கு நொட்டேசன் எழுதத் தெரியாது. ஒரு லப்ரொப்பும் சின்னக் கீபோட்டும்தான் இருக்கிறது. அனுப்பலாமா? எங்கே தொடங்குவது?
– கொக்குவில் வாசகர்

பதில்: அனுப்புங்கள் தம்பி. நொட்டேசன் பற்றிய கவலை இப்போதைக்கு வேண்டாம். இப்படியான போட்டிகளில் பெரும்பாலும் இசை சேர்த்த வீடியோவைத்தான் கேட்பார்கள். சூரிச் திரைப்பட விழாவில் நடப்பது போல, தெரிவான இசையை ஒரு பெரிய வாத்தியக் குழு மேடையில் வாசிக்கிற போட்டி என்றால்தான் எழுதிய பிரதி வேண்டும். லப்ரொப்பும் கீபோட்டும் போதும். நல்ல ஹெட்போன் ஒன்றை மட்டும் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் பயப்படுத்தியது ‘நாலு பாட்டு’ என்ற சொல்தான். பாட்டுப் போடுகிறவனுக்கு மெட்டு முதலில் வரும், படம் அதன் பின்னால் ஓடிவரும். இந்தப் போட்டியில் படம் முதலிலேயே வந்துவிட்டது. அதை வெட்டி, ஒட்டி, முடித்துத் தந்திருக்கிறார்கள். உங்களுக்காக அது ஒரு விநாடிகூட நிற்காது.

என் மாமா ஒருவர் காங்கேசன்துறைப் பக்கம் இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் என்றால் எல்லோருக்கும் நடிகமணி வி. வி. வைரமுத்துதான் நினைவுக்கு வருவார். மாமா அந்தக் குழுவில் இல்லை. ஆனால் அதே கதையை ஊர்க்கோவில் திருவிழாக்களில் விடிய விடிய வாசித்தவர். பத்து வயதில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிற உத்தியோகம் பார்த்தேன். ஒருநாள் ஆர்மோனியக் கட்டைகளில் ஓடுகிற அவருடைய விரல்களையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “கட்டையைப் பாராதை. நடிகன்ரை காலைப் பார். அவன் திரும்பப் போறான் எண்டு கால்தான் முதல்ல சொல்லும்.”

அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதி, பாம்பு தீண்டிய மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு வருவாள். அதுவரை மாமாவின் இரண்டு கையும் ஓயாது. பிள்ளையை நிலத்தில் கிடத்துகிற இடம் வந்ததும் ஒவ்வொரு விரலாக எடுப்பார். கடைசியில் சட்ஜம், அந்த ‘ச’ சுரம், மட்டும் நிற்கும். பிறகு துருத்தியை அமத்துவதையும் விட்டுவிடுவார். உள்ளே மிஞ்சியிருக்கிற காற்றில் அந்தச் சட்ஜம் தானாக மெலிந்து, மூச்சுப் போவது போல நின்றுபோகும். கச்சான் கடலை கொறிக்கிற சத்தம்கூடக் கேட்காது. மாமாவுக்குத் திரையிசை என்றால் ராஜா தியேட்டரில் கேட்ட பாட்டுகள் மட்டும்தான். ஆனால் உங்கள் போட்டிக்கு நீதிபதியாக வரக்கூடியவர்கள் தேடுவது இதைத்தான்.

ஆகவே, படம் கைக்கு வந்ததும் கீபோட்டை உறைக்குள் போட்டு மூடுங்கள். படத்தை மூன்று தரம் சும்மா பாருங்கள். நாலாம் தரம் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, எந்த விநாடியில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். 0:18 பெடியன் திரும்பிப் பார்க்கிறான், 0:42 கதவு திறக்கிறது, 1:05 அம்மா பேசத் தொடங்குகிறாள், இப்படி. எழுதி முடித்ததும் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, எங்கே இசை தேவையில்லை என்று முதலில் குறியுங்கள். எங்கே தேவை என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இனிக் கணக்கு. 42ஆவது விநாடியில் கதவு திறக்கும்போது தாளத்தின் சமம், அதாவது சுற்றின் முதல் அடி, விழ வேண்டும் என்று விரும்புகிறீர்கள். ஆதி தாளத்தின் ஒரு சுற்றில் (ஆவர்த்தனத்தில்) 8 அட்சரம், அதாவது 8 அடி. ஐந்து ஆவர்த்தனம் என்றால் 40. அந்த 40 அட்சரத்தையும் 42 விநாடிக்குள் முடிக்க வேண்டும். 40ஐ 60ஆல் பெருக்கி 42ஆல் வகுத்தால் 57.14. மென்பொருளில் ரெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகத்தை) 57.14 என்று வையுங்கள், ஆறாவது ஆவர்த்தனத்தின் சமம் கதவோடு சேர்ந்து விழும். சோம்பலில் 57 என்று வைத்தால் பத்தில் ஒரு விநாடி பிந்தும். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகம் (பிரேம்) ஓடுவது, எனவே இரண்டரைச் சட்டகம் பிந்துகிறீர்கள். கதவு மெல்லத் திறந்தால் யாருக்கும் தெரியாது. அடித்துச் சாத்தினால் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கு பிடிபட்டவுடன் ஒரு வியாதி வரும், எனக்கும் வந்தது. கதவுக்கு ஒரு தட்டு, கோப்பை வைத்தால் ஒரு தட்டு, கண் சிமிட்டினால் ஒரு மணி. மேற்கே இதற்கு மிக்கி மவுஸ் என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு இடம். மற்றவற்றைப் படம் தானே பார்த்துக்கொள்ளும்.

அம்மா பேசுகிற இடத்தில் புல்லாங்குழலைக் கொண்டுவந்துவிடாதீர்கள். பேச்சை விளங்கவைக்கிற சத்தம் 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரைதான் கனக்க இருக்கிறது. குழலின் மேல்சுரங்களும் வயலினின் மேற்கம்பியும் அந்த வீட்டுக்குள்தான் நுழையும். அடியில் ஒரு நீண்ட சுரம் போதும். அதுவும் வேண்டுமா என்று ஒருதரம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: போட்டி விதிமுறை 14 பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அனுப்பினால் என் இசை அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று தம்பி பயப்படுத்துகிறான். உண்மையா?
– சுன்னாகம் வாசகி

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி பிள்ளை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் ஒரு இசையை ஆக்கிய கணத்திலேயே அது உங்களுடையது. எங்கேயும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அந்த உரிமை நிற்கும். ஆனால் நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் சட்டம் வந்து கையைப் பிடிக்காது.

14 பக்கத்தையும் வாசிக்க வேண்டாம். இரண்டு விடயத்தை மட்டும் தேடுங்கள். முதலாவது, உங்கள் இசையை அவர்கள் விளம்பரத்துக்கும் திரையிடலுக்கும் பாவிக்க அனுமதி மட்டும் கேட்கிறார்களா, இல்லை உரிமை முழுவதையும் மாற்றித் தரச் சொல்கிறார்களா? அனுமதி கேட்பது வழக்கம். முழுவதையும் கேட்டால், அதுவும் தோற்றவர்களின் இசைக்கும் சேர்த்துக் கேட்டால், விட்டுவிடுங்கள், வேறு போட்டி வரும். இரண்டாவது, அவர்கள் தந்த படத்தை நீங்கள் உங்கள் இசையோடு வெளியிடலாமா? நம் பிள்ளைகள் அனுப்பிய அன்றே பேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். சில போட்டிகளில் அது போதும், பெயரை வெட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. முடிவு நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். லண்டன் நள்ளிரவு என்றால் கோடையில் நமக்கு விடிய நாலரை, மாரியில் ஐந்தரை. லொஸ் ஏஞ்சலிஸ் நள்ளிரவு என்றால் அடுத்த நாள் மத்தியானம் தாண்டிவிடும். இதை நம்பிக் கடைசி இரவுவரை வைத்திருக்காதீர்கள். கரண்ட் எப்போது போகும் என்று எந்த விதிமுறையிலும் எழுதியிருக்காது.

கேள்வி: நாங்கள் பரம்பரையாக நாதஸ்வரக்காரர். அண்ணன் நாதஸ்வரம், நான் தவில். வெளிநாட்டு நீதிபதிகளுக்கு நம் வாத்தியம் விளங்குமா? போனில் பதிந்தால் போதுமா?
– இணுவில் வாசகர்

பதில்: இணுவிலில் இருந்து இந்தக் கேள்வி வந்ததே எனக்குப் பெருமை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தமிழ்நாட்டு வித்துவான்கள் மலைத்துப்போன கதைகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளங்குமா என்றால், வேறு மாதிரி விளங்கும். நமக்கு நாதஸ்வரம் கேட்டவுடன் நல்லூர்த் தேர், அல்லது தாலி கட்டுகிற நேரம். நீதிபதிக்கு இந்த இரண்டும் இல்லை. அவருக்கு அது ஒரு உரத்த, கொஞ்சம் கலங்கிய குரல். அது உங்களுக்கு நன்மைதான். கலியாணமே இல்லாத ஒரு காட்சியில், தனியாக நடக்கிற ஒரு மனிதனுக்குப் பின்னால், அண்ணனை ஒரே ஒரு சுரத்தைக் கமகத்தோடு மெல்லப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆலாபனை வேண்டாம். ஒன்றரை நிமிடக் காட்சியில் தோடியை விரிக்க வெளிக்கிட்டால் ராகமும் முடியாது, காட்சியும் கெட்டுவிடும்.

பதியும்போது இரண்டு தொல்லை வரும். பாரி நாயனம் என்கிற நீண்ட நாதஸ்வரத்தின் சுருதி 2 கட்டை, 2½ கட்டை என்று நிற்கும், அதுவும் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியையும் வெயிலையும் பொறுத்து அசையும். கீபோட்டோ அசையாது. அதனால் முதலில் நாதஸ்வரத்தைப் பதியுங்கள். பிறகு கீபோட்டின் சுருதியை அதற்கு ஏற்றபடி நகர்த்துங்கள், எல்லா மென்பொருளிலும் அதற்கு ஒரு திருகு இருக்கிறது. மாறிச் செய்தால் அண்ணன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார், அவரில் பிழையும் இல்லை.

மற்றது மைக். நாதஸ்வரத்தின் அணைசுக்கு, அந்த விரிந்த வாய்க்கு, நேரே வைத்தால் போன் கிழிந்த சத்தம்தான் பிடிக்கும். ஆறடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தவிலை வேறு நேரத்தில் தனியாகப் பதியுங்கள். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிற சொல்லும் இடப்பக்கமான தொப்பியில் கழி விழுகிற அடியும் இரண்டு வாத்தியம் போல. திரையிசைக்குத் தொப்பி மட்டும் தனியாகக் கிடைத்தால் அது பெரிய சொத்து. போன் போதுமா என்றால், முதல் போட்டிக்குப் போதும். மெத்தை, தலையணை அடுக்கிய அறையில், மின்விசிறியை நிற்பாட்டிவிட்டுப் பதியுங்கள். பக்கத்து வீட்டுச் சேவலிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் இசை செய்யச் சொல்லி அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விதிமுறையில் தடை இருக்கிறதா என்று பாருங்கள். தடை இல்லாவிட்டாலும், பரிசு கிடைத்தால் மேடையில் யாரை ஏற்றுவதாக யோசனை?

கேள்வி: என் மகன் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். இரவு பகலாகக் காதில் ஹெட்போன். ஏதோ போட்டிக்கு இசை செய்கிறானாம். இதில் சோறு வருமா? நேராகச் சொல்லுங்கள்.
– உரும்பிராய், ஒரு தகப்பன்

பதில்: நேராகச் சொல்கிறேன் ஐயா. போட்டியில் சோறு வராது. பல ஆயிரம் பேர் எழுதுகிற இடத்தில் பரிசை நம்பி உலை வைக்க முடியாது.

ஆனால் போட்டிக்காகச் செய்கிற வேலையில் வரும். நம் ஊரில் கலியாண வீடு, சாமத்திய வீடு எதற்கும் வீடியோ இல்லாமல் இல்லை. அதற்குச் சினிமாப் பாட்டை ஒட்டி யூரியூப்பிலோ பேஸ்புக்கிலோ போட்டவுடன் உரிமைக்காரர் வந்து சத்தத்தை அமத்திவிடுகிறார்கள், சிலவேளை வீடியோவையே தூக்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளை கனடாவில் இருந்து போன் எடுத்து, ஏன் ஊமைப் படம் அனுப்பினீர்கள் என்று ஏசுகிறார். எனக்குத் தெரிந்த ஸ்ரூடியோக்காரர் எல்லோருக்கும் இந்தத் தலையிடி இருக்கிறது. படத்தைப் பார்த்து இசை போடத் தெரிந்த, அந்த இசைக்குத் தானே சொந்தக்காரனான ஒரு பெடியன் அவர்களுக்குத் தேவை. உங்கள் மகன் இப்போது அறைக்குள் பழகுவது அந்தத் தொழிலைத்தான், அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பீடம் இருக்கிறது, அங்கே இசை படித்துப் பட்டத்தோடு வெளியே வரலாம். பெறுபேறு வந்ததும் அதையும் பேசிப் பாருங்கள். முதலில் ஒருநாள் அந்த ஹெட்போனைக் கேட்டு வாங்கி உங்கள் காதில் போடுங்கள். ஏசுவதென்றால் கேட்டபிறகு ஏசலாம்.

கேள்வி: இரண்டு தரம் அனுப்பினேன், இரண்டு தரமும் தோல்வி. வென்ற இசையைக் கேட்டேன், என்னுடையதை விட ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லாம் ஏமாற்று என்று நினைக்கிறேன்.
– கரவெட்டி வாசகர்

பதில்: நீங்கள் தனியாள் இல்லை. 2020இல் இசை மென்பொருள் செய்கிற லண்டனின் ஸ்பிற்பயர் ஓடியோ நிறுவனமும் அமெரிக்கத் தொலைக்காட்சி எச்பிஓவும் சேர்ந்து ‘வெஸ்ற்வேர்ல்ட்’ தொடரின் ஒரு கார் துரத்தல் காட்சிக்கு இசை கேட்டன. 11,000க்கு மேல் வந்து குவிந்தது. வாகனம் பறக்கிற காட்சி, ஆகவே ஏராளமானோர் முரசும் பித்தளை வாத்தியங்களுமாக இடித்துத் தள்ளினார்கள். வென்றது, பழைய வீடியோ கேம் சத்தங்களை இடையே கொண்டுவந்த ஒரு இசை. உலகம் முழுக்கத் தோற்றவர்கள் உங்கள் வசனத்தையே எழுதித் தீர்த்தார்கள். நானும் முதலில் கேட்டபோது முகம் சுளித்தேன். பிறகு, நீதிபதி இருக்கையில் இருந்து ஒரே காட்சியை நூறாவது தரம், அதே முரசோடு பார்க்கிற ஆளாக என்னை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கேம் சத்தம் கேட்டிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அது சிறந்த இசையா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. நினைவில் நின்ற இசை.

அதற்காக உங்களையும் கேம் சத்தம் போடச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வீடியோவையும் இசையை நிறுத்திவிட்டு ஒருதரம், படத்தை மறைத்து இசையை மட்டும் ஒருதரம் பாருங்கள். இசை தனியாகவே முழுமையாக, வடிவாக இருந்தால் அங்கேதான் பிழை. படத்துக்கு அதில் இடமில்லை.

சரி, நானும் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு போட்டிக்கு 4 நிமிடப் படம் தந்தார்கள். என் பழைய கொம்பியூற்றரில் அது திறக்கவில்லை. கலியாண வீடியோ வெட்டுகிற நண்பர் ஒருவர் மாற்றித் தந்தார். அவருடைய பழக்கம் விநாடிக்கு 25 சட்டகம். போட்டிக்காரரின் படம் 24. மாற்றும்போது படமே கொஞ்சம் வேகமாக ஓடத் தொடங்கி, 4 நிமிடம் 3 நிமிடம் 50 விநாடியாகச் சுருங்கியது. எனக்கு அது தெரியாது. மூன்று கிழமை இருந்து, ஒவ்வொரு அடியையும் அந்தச் சுருங்கிய படத்துக்கு அளந்து வைத்தேன். இசையை மட்டும் தனிப் பைலாக அனுப்பினேன், அவர்கள் தங்கள் படத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

முடிவு வந்தபிறகு நானும் சேர்த்துப் பார்த்தேன். கிழவர் விழுவதற்கு ஏழு விநாடிக்கு முன்பே என் வயலின்கள் அழத் தொடங்கிவிட்டன. அவர் நல்லபடியாக நடந்து போய்க்கொண்டிருக்கிறார், பின்னால் ஒப்பாரி. கடைசிப் பத்து விநாடி இசையே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து விநாடிதான் முழுவதிலும் நன்றாக இருந்தது.

ஆகவே, எதற்கும் தந்த பைலின் நீளத்தையும் சட்டக எண்ணிக்கையையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அவர்களுடைய மூலப் படத்தோடு சேர்த்து ஒருதரம் முழுதாகப் பாருங்கள். சத்தத்தின் மாதிரி வீதத்தை (sample rate) 48 கிலோஹேர்ட்ஸ் என்று கேட்டால் 48இலேயே கொடுங்கள், பாட்டுக்குப் பழகிய 44.1இல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: இவ்வளவும் சொல்கிற நீங்கள் இப்போது போட்டிகளுக்கு அனுப்புவதுண்டா?
– பருத்தித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: பிடித்துவிட்டீர்கள் ரீச்சர். இந்த மாதம் ஒன்று கையில் இருக்கிறது. 2 நிமிடம் 10 விநாடிப் படம், ஒரு கிழவி கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிறாள், அவ்வளவுதான். முதல் 40 விநாடிக்கு எழுதிவிட்டேன். பிறகு அவள் வாளியை இறக்குகிற இடம் வருகிறது. கப்பி கிறீச்சிடுகிறது. அங்கே மாமா செய்ததையே செய்து, ஒரு சுரத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். அதையும் மெல்ல விட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி தேத்தண்ணியோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?” என்றார்.

“நிப்பாட்டேல்லை, ஓடிக்கொண்டிருக்கு” என்றேன்.

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, கிழவி வாளியை மேலே இழுத்து முடிக்கும்வரை நின்றார்.